பேருக்கு விட்ட இடம்

பேரை வெட்டாமல் விட்டவன் நீதான், வேறு யாரையும் கை காட்டாதே. கல் நல்ல கல், பாலாடை நிறத்துச் சுண்ணாம்புக் கல், எங்கேயும் ஒரு நரம்பு ஓடவில்லை. உளி நல்ல உளி. மஞ்சளும் செவப்பும் நீலமும் குழைத்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தாமரைப் பூவை மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளை, அவள் முன்னால் மேசை, மேசை மேல் அடுக்கடுக்காக ரொட்டி, கழுத்து தொங்குகிற வாத்து, மாட்டுத் தொடை, எல்லாம் சரி. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசி வரிசையில், அவள் பேர் வரவேண்டிய இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறாய். சோறு தின்னப் போனாயா? முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போனாயா? வயிறு வலித்ததா? மூவாயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒருத்தி பேர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே, உனக்கு எப்படி மனசு வந்தது? என்று கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றபடி இஞ்ஞாசி திட்டிக்கொண்டிருந்தார். வாய்க்குள்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார், ஏனென்றால் நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளிக்குத் தமிழ் தெரியும்.

ஹாலந்தில் ஏதோ ஓர் ஊர். பேர் அவர் வாயில் நுழையவில்லை, நுழைய வைக்க அவரும் பாடுபடவில்லை. கல் கண்காட்சிக்கு வந்தவர். ஒரு மணிக்கு வாங்குகிறவனோடு பேச்சு, அதுவரைக்கும் ஒன்றரை மணி நேரம், வெளியே ஊசி ஊசியாக மழை, ஒதுங்கின கட்டிடம் மியூசியமாகப் போயிற்று. எகிப்து என்று போட்டிருந்த கூடத்துக்குள் வந்து இந்தக் கல் முன்னால் நின்றதும், வேலைப்பாட்டைப் பார்த்த மாத்திரத்தில், "அட சண்டாளா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தபோது பின்னாலிருந்து, "கனக்கக் கிட்டப் போகாதேங்கோ அண்ணை, அலாரம் அடிக்கும்" என்று தமிழ் கேட்டது. திடுக்கிட்டுப் போனார். "நீ தமிழா?" "ஓம், குகதாசன், யாழ்ப்பாணம். சண்டாளா எண்டு சொன்னியள், அதிலை பிடிச்சன். நீங்கள் இந்தியாவோ?" "கிருஷ்ணகிரி." "மாம்பழம்!" "மாம்பழமும் இருக்கு, கல்லும் இருக்கு. நான் கல்லு." "பாக்கத் தெரியுது," என்று சொல்லிவிட்டுக் குகதாசன் சிரிக்காமல் இருந்தான். ஆள் ஐம்பதைத் தாண்டியவன், நீலக் கோட்டு, நெஞ்சில் அட்டை. "பதினொரு வருசமாய் இவவுக்குப் பக்கத்திலை இருக்கிறன் அண்ணை. என்ரை மனுசியோடைகூட இவ்வளவு நேரம் நான் இருந்ததில்லை. அவ கதைப்பா, இவ கதைக்கிறேல்லை, அதுதான் வித்தியாசம்." "இவ யாரு?" "அதுதான் தெரியாது. பேர் போடேல்லை. இதுகளைப் பட்டறையிலை முதலே செய்து வைச்சிடுவினம். செத்த வீட்டுக்காரர் வந்து வாங்கி, பேரைச் சொல்லி வெட்டுவிப்பினம். இவவுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை போலை." அப்புறம் அவன் கல்லில் இருந்த வரிகளைப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். இந்த வழியாலை போற சனங்களே, நின்று ஒருக்கா வாயாலை சொல்லுங்கோ, ரொட்டி ஆயிரம், பியர் ஆயிரம், மாடு ஆயிரம், வாத்து ஆயிரம், இன்னாருக்கு எண்டு. சொன்னால் அங்கை அவவுக்குச் சாப்பாடு போய்ச் சேரும். வாய் மூச்சுத்தானே, உங்களுக்கொரு நட்டமும் இல்லை. "பியர் எண்டு சொன்ன உடனை பள்ளிக்கூடப் பிள்ளையள் சிரிப்பினம்," என்றான் குகதாசன்.

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷமாகப் பேரம் பேசிப் பேசியே ஆளானவர், குவாரிக்காரனிடம், லாரிக்காரனிடம், துறைமுகத்தில் மேசைக்கு மேசை உட்கார்ந்திருப்பவனிடம், எவனையும் பாதிக்குக் கீழே இறக்காமல் விட்டதில்லை, கோபம் வந்தால் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறார், பத்தடி போவதற்குள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தே எழுந்து வந்திருக்கிறார். ஆனால் இவ்வளவு குறைத்துக் கேட்ட ஆளை அவர் பார்த்ததில்லை. செத்தவள் கேட்கிறாள், ஒரு மூச்சு. போகிற போக்கில் ஒரு மூச்சு. இதற்கும் கீழே இறங்கிக் கேட்க எவனால் முடியும்? அப்படி அடிமட்டத்துக்கு இறங்கி வந்து கேட்டும் அது போய்ச் சேரவில்லை, ஏனென்றால் இன்னாருக்கு என்கிற இடம் மொட்டை. ஆயிரம் ரொட்டியும் ஆயிரம் மாடும் விலாசம் ஒட்டாத கண்டெய்னர் மாதிரி ஏதோ ஒரு துறைமுகத்தில் வெயிலில் கிடக்கின்றன. மொட்டை. அவர் பட்டறையிலும் அதே வார்த்தைதான், இன்னைக்கு எத்தனை மொட்டை ஏறுச்சு என்றுதான் கேட்பார். கறுப்புக் கல், முகம் தெரிகிற பாலிஷ், மேலே வளைவு, சிலதில் ரோஜா, சிலதில் கூப்பின கை, நடுவில் ஒன்றும் கிடையாது, பேரை இந்த ஊர்க் கடைக்காரன் வெட்டிக்கொள்வான். இந்த நாட்டில் எத்தனை பேர் கல்லறைத் தலைமாட்டில் இஞ்ஞாசியின் கல் நிற்கிறது, ஒருத்தர் பேர்கூட அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. அது வியாபாரம். வியாபாரம் வேறே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி அந்த நாலு விரல் இடத்தைப் பார்த்தார். மேலேயும் கீழேயும் மங்கலாக ஒரு காவிக் கோடு. அடடே. காவித் தண்ணியில் நூலை நனைத்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் விழுகிற கோடு. பதினாலு வயசில் குவாரியில் சேர்ந்தபோது முதல் வேலையே நூல் பிடிப்பதுதான், கோணலாகச் சுண்டினால் மேஸ்திரி மண்டையில் சுண்டுவான். கோடு போட்டு வைத்திருக்கிறானே. கோடு போட்டவன் எப்படி மறந்தவனாவான்? அவன் மறக்கவில்லை. அவன் உளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான், யாரோ வந்து பேர் சொல்வார்கள் என்று. சொல்ல வேண்டியவன்தான் வரவில்லை. அவள் புருஷன். அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் திட்டினது தப்பான ஆளை. இந்த இடத்துக்கு வந்ததும் இஞ்ஞாசியின் மனசு சுடுதண்ணீரில் விரலை விட்டது போல வெடுக்கென்று பின்வாங்கியது. மழை விட்டிருக்குமா? வாங்குகிறவன் போன தடவை கல் ஓரத்தைச் சீவினதில் குறை சொன்னான், இந்தத் தடவை அந்தப் பேச்சை அவன் எடுப்பதற்கு முன்னால் நாமே எடுத்துவிட வேண்டும்.

மணி பதினொன்றே முக்கால். ஊரில் மூன்றே கால். மகன் லூர்து கூப்பிடுகிற நேரம். கூப்பிடாமல் இருந்தால் தேவலை. சனிக்கிழமை பெண்டாட்டிக்கு வருஷப் பூசை, அன்றைக்குக் கல் நட வேண்டும், கல் நட வேண்டுமென்றால் இன்றைக்குப் பேர் வெட்டியாக வேண்டும், பேர் வெட்ட வேண்டுமென்றால் பேரை அவர் சொல்லியாக வேண்டும். ஒரு வருஷமாக, இரு, யோசிச்சுச் சொல்றேன், என்கிறார். யோசிக்க என்ன இருக்கிறது, இருப்பது இரண்டு பேர். ஒன்று கோயில் ரிஜிஸ்டரில் இருக்கிற பேர், மார்த்தாள். இன்னொன்று அவளுக்கு அப்பன் ஆத்தாள் வைத்த பேர். ஜல்லி உடைக்க வந்த இடத்தில் பார்த்து, பேசி, கட்டினால் இவளைத்தான் என்று நின்றபோது, வேதத்துக்காரனோடு போகிறவள் எனக்குப் பிள்ளையே இல்லை என்று அவள் அப்பன் தலைமுழுகிவிட்டான். அன்றைக்குப் போனவர்கள் போனவர்கள்தான், அந்தப் பக்கத்து வாசலை அவள் மறுபடி மிதிக்கவில்லை, இப்போது மிதிக்கவும் அங்கே யாரும் மிச்சமில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஃபாதர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் பேருக்குக் கிட்டத்திலேயே ஒரு புனிதை இருக்கிறாள், மார்த்தாள், அதையே வைத்துக்கொள்வோமா என்றார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்து, "யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குது" என்றாள். "புதுச் செருப்பு அப்படித்தான், நாலு நாள் கடிக்கும், அப்புறம் படிஞ்சிரும்," என்றார் இவர். படியவில்லை. அவள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால்தானே படிய.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் களி உருண்டையைத் தட்டில் வைத்தபடி, "உங்க பேரை நான் சொல்லக் கூடாதாம், சொன்னா உங்களுக்கு ஆயுசு குறைஞ்சிடுமாம்," என்றாள். "யார் சொன்னது?" "எல்லாருந்தான்." "அப்படின்னா உன் பேரை நான் சொன்னா உனக்குக் குறையாதா? நீ என் பேரைச் சொல்லாதே, நான் உன் பேரைச் சொல்லலை. சரிக்குச் சரி. சம்மதமா?" "சம்மதம்," என்று சிரித்தாள், சிரித்ததில் களி தொண்டையில் சிக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்தது. விளையாட்டுக்குப் பேசின பேச்சு. ஆனால் பேசினால் பேசினதுதான், வாக்குக் கொடுத்து மாற்றினவன் என்று இஞ்ஞாசியை எவனும் சொன்னதில்லை, முப்பத்து நாலு வருஷம் அந்தப் பேச்சு நின்றது. ஏய், இந்தா, அப்புறம் பையன் பிறந்ததும் லூர்தம்மா. அவரை அவள் லூர்தப்பா. எவ்வளவு ஒழுங்கான பேரம் என்று அவர் நினைத்திருந்தார். ஒழுங்கா? அவள் சொல்லாவிட்டால் என் பேருக்கு என்ன குறைச்சல், போர்டில் இஞ்ஞாசி, லாரியில் இஞ்ஞாசி, லெட்டர்பேடில் இஞ்ஞாசி, எவனோ கடல் தாண்டி இருக்கிறவன் போனில் இக்நேஷியஸ் இக்நேஷியஸ் என்கிறான். அவள் பேர் உலகத்தில் வேறு எங்கே இருந்தது? என் வாயில் ஒன்றில்தான் இருந்தது. நான் அதைப் பூட்டிக்கொண்டேன். நாற்பது வருஷம் எதிராளியை ஏமாற விட்டதேயில்லை என்று மார் தட்டுகிறவன், வீட்டில் பேசின முதல் பேரத்திலேயே கட்டினவளை ஏமாற்றியிருக்கிறேன், அவள் சிரித்துக்கொண்டே சம்மதம் என்றாள். அதுவும், ஆயுசுக்காகப் பேசின பேரம். பேரைச் சொல்லாமலேதான் இருந்தேன். ஐம்பத்து மூணில் போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு மனசு போக வேண்டாம் என்று பார்த்தார். போய்விட்டது. ஃபினாயில் வாசனை, பச்சை பெஞ்சு, பெஞ்சின் ஓரத்தில் யாரோ கீறி வைத்த இதயம். ஸ்கேனுக்குச் சீட்டுப் போட்டபோது பேஷண்ட் பேர் என்று கேட்டார்கள், ஆதார் அட்டையில் இருக்கிறதைச் சொன்னார், மார்த்தாள். உட்கார்ந்தார்கள். ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் வெளியே வந்தார்கள். பன்னிரண்டரைக்கு அவருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என்னம்மா நெனச்சுக்கிட்டிருக்கீங்க, நாங்க என்ன இளிச்சவாயனுங்களா, எவன் எவனோ உள்ள போறான்," என்று நர்ஸை மிரட்டி வராந்தாவையே நடுங்க வைத்தார். அந்தப் பெண் பயப்படவில்லை. "மூணு தரம் வந்து கூப்பிட்டேன் சார். மார்த்தாள் மார்த்தாள்னு தொண்டை கிழியக் கத்தினேன். யாருமே எந்திரிக்கலை. யார் சார் மார்த்தாள்?" பெஞ்சிலிருந்து இவள் மெதுவாகத் தலையைத் தூக்கி, "நான்தான் போலிருக்குது," என்றாள். நான்தான் போலிருக்குது. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள், அவளும் சிரித்தாள், வலியோடு சிரித்தாள். இவர் காதிலும் அந்த மூணு தரமும் விழுந்திருந்தது. யாரோ மார்த்தாளாம், எங்கே போய்த் தொலைந்தாளோ என்று நினைத்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்கேன் நேரம் அன்றைக்கு முடிந்துபோய் மறுநாள்தான் எடுத்தார்கள். ஒரு நாள் முன்னே பின்னே ஆனதில் வித்தியாசமே இல்லை என்று டாக்டர் சொன்னார். இவர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் டாக்டர் அதையேதான் சொன்னார். வித்தியாசம் இல்லை. இல்லைதான். ஆனால் மூணு தரம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் கடைசி வாரம். தலையணையில் முடி ஒட்டிக் கிடந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் காது மட்டும் செவப்பாகத் தெரிந்தது, இந்தக் கல்லில் இருக்கிறவள் காது மாதிரி, எப்படித்தான் அந்த ரத்தத்தைச் சாயத்தில் கொண்டுவந்தானோ. "என்னாங்க, கல்லு போடுவீங்கல்ல எனக்கு?" "பேசாம இரு." "போடுவீங்கல்ல?" "ஊருக்கெல்லாம் போடறேன், உனக்குப் போட மாட்டேனா." "என் பேரை வெட்டுங்க." வாய் இருக்கிறதே, இந்தப் பாழாய்ப்போன வாய், ஆர்டர் எடுக்கிற வாய், "எந்தப் பேரை?" என்று கேட்டுவிட்டது. அவள் பார்த்தாள். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபமா அது? கேலியா? உங்களுக்குத் தெரியாதா என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று அர்த்தமா, இல்லை இத்தனை வருஷத்தில் உனக்கு அதுகூடத் தெரியாமல் போயிற்றா என்று அர்த்தமா? ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார், கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் தெரியும், வார்த்தைக்கு அடிப்பக்கம் கிடையாது. லூர்து, மார்த்தாள் என்றே போட்டுவிடலாம் என்கிறான், அவனுக்கு வேறு பேர் தெரியாது. ஆமாம். அவனுக்குத் தெரியாது. எவனுக்கும் தெரியாது. இது இப்போதுதான் உறைத்தது, கூடத்துக்கு நடுவில் நிற்கும்போது, நெஞ்சுக்கு இடது பக்கம் லேசாக எதுவோ சுண்டிய மாதிரி இருந்தபோது. காலையில் மாத்திரை போட்டேனா? இங்கேயே விழுந்தால்? விழுந்தால் இந்த யாழ்ப்பாணத்துக்காரன் ஓடிவருவான், ஆம்புலன்ஸ் வரும், பாஸ்போர்ட்டைப் பார்த்து என் பேரைச் சொல்வார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவள் பேர் என்னோடு போய்விடும். ஊர் பேர் தெரியாத ஊரில், ஒரு நிமிஷத்தில், வாயை மூடினபடியே. பயந்து போய் உள்ளுக்குள் அந்தப் பேரைத் தேடினார். வரவில்லை. ஐயோ. மார் என்றுதான் வந்தது, மார்த்தாள் மார்த்தாள் என்று நர்ஸ் கத்துகிற குரல்தான் வந்தது. தாமரைக்காரி பூவை மோந்தபடி அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். களித் தட்டு, களித் தட்டை நினை, குவாரியில் முதல் நாள் மேஸ்திரி ஆள் கணக்கு எடுத்தபோது தலையில் சும்மாடோடு நின்றவள் நிமிர்ந்து ஒரு பேர் சொன்னாளே, அவள் வாயாலேயே, அதை நினை. வந்தது. முழுசாக வந்தது. தொலைந்து போன பிள்ளை சந்தையில் கிடைத்த மாதிரி இஞ்ஞாசி மூச்சு விட்டார்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ? இந்தக் கதிரையிலை இருங்கோ," என்று குகதாசன் எழுந்து நாற்காலியைத் தள்ளினான். "ஒண்ணுமில்லப்பா." "ஒண்டுமில்லை எண்டு சொல்லுற ஆக்கள்தான் விழுகிறவை. இருங்கோ." உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சட்டைப் பையில் போன் துடித்தது. லூர்து. கூடத்தில் போன் பேசக் கூடாது என்று படம் போட்டிருந்தது. குகதாசன் அந்தப் படத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு அடுத்த கூடத்தில் ஏதோ அவசரம் இருப்பது போல அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். "அப்பா, பச்சையப்பன் உளியோட உட்கார்ந்திருக்கான். கோடெல்லாம் போட்டாச்சு. மார்த்தாள்னு வெட்டிடட்டுமா?" "இரு." "இரு இருன்னு ஒரு வருஷமாச் சொல்றீங்க. கண்டவங்களுக்கெல்லாம் கல்லு அனுப்பற வீடுப்பா இது, எங்கம்மா சிமெண்டு மேட்டுல கிடக்கறா. ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா?" "ஊர் கிடக்குது. எழுதிக்கோ." "சொல்லுங்க." சொல்ல வாயைத் திறந்தார். எத்தனை பேரை எத்தனை பாஷையில் ஏசியிருக்கிற வாய். அவளுக்கு ஆயுசு குறைந்துவிடும் என்று, இப்போதும், ஒரு வருஷம் ஆன பிறகும், உள்ளே எதுவோ பிடித்து இழுத்தது. "அப்பா? லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன். இருக்கிறேனடா.

"மாதம்மா," என்றார் இஞ்ஞாசி.

அந்தக் கூடம் மொத்தமும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். போனில் பட்டறை மெஷின் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "யாருப்பா அது?" "உங்கம்மாடா." "அம்மாவுக்கு அப்படி ஒரு பேரு இருந்துச்சா?" இஞ்ஞாசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அம்மா ஒரு தடவைகூடச் சொல்லலையே. நீங்களும் சொல்லலையேப்பா." லூர்து மூக்கை உறிஞ்சினான், அப்புறம் குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "ஃபாதர் ஒத்துக்க மாட்டாரு. ரிஜிஸ்டர்ல மார்த்தாள்னுதானே இருக்குது" என்றான். "ரிஜிஸ்டர் அவருகிட்ட இருக்கட்டும். கல்லு நம்மகிட்ட இருக்குது. நான் வந்து பேசிக்கறேன்." "வேணும்னா கீழ சின்னதா மார்த்தாள்னும் போட்டுடலாமா? ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கும்." அப்பன் பிள்ளைதான், எப்படி நடுவில் வந்து நிற்கிறான் பார். நேற்று வரைக்கும் இதற்கு இஞ்ஞாசி தலையாட்டியிருப்பார். "இதுல பேரமே கிடையாது. ஒரே பேரு. பெரிசா." "சரிப்பா. எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க, பச்சையப்பன் தப்பு விட்டுடுவான்." சொன்னார். மா. த. ம். மா. ஒவ்வொரு எழுத்தாக, கீழே வைத்தால் உடைந்துவிடும் என்பது போல. "திருப்பிச் சொல்லு." "மாதம்மா," என்று மகன் சொன்னான். அம்மா பேரை அவன் சொல்லி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அவன் குரலில் அது வேறு மாதிரி, புதுசாக, சின்னப் பெண் பேர் மாதிரி இருந்தது.

போனைப் பையில் போட்டுக்கொண்டார். குகதாசன் திரும்பி வந்து அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கண்ணாடிக்குக் கிட்டே போனார், அலாரம் அடிக்காத தூரத்தில் நின்றார். உளிக்காரன் மேல் அவருக்கு இப்போது கோபம் இல்லை. கோபமெல்லாம் இன்னொருவன் மேல். டேய். அவள் புருஷனே. நீ ராஜாவிடம் வேலை பார்த்தவனோ, ஆற்றில் படகு ஓட்டினவனோ, என்ன பெரிய ஆளோ எனக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பாய், மனசு சரியில்லை என்றிருப்பாய், எந்தப் பேர் என்று கேட்டிருப்பாய். அதெல்லாம் எனக்குத் தெரியும், என்கிட்டே கதை விடாதே. பூவைப் பிடித்த கை இன்னும் இறங்கவில்லை அவளுக்கு. உன்னைத் தவிர அந்தப் பேர் வேறு எவனுக்கும் தெரியாது, கல்லைக் கேட்டுப் பார்த்தாயிற்று, படித்தவனைக் கேட்டுப் பார்த்தாயிற்று, தெரியாது. எந்த மண்ணுக்குள் கிடக்கிறாயோ அங்கேயிருந்து எழுந்து வாடா. வாயைத் திற. உன் பெண்டாட்டி பேரைச் சொல்.